எங்கள் பாட்டிலுக்கும் அந்த மூடியைப் போடுங்கள்

பெறுநர்: இந்திய மருந்துகள் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்கள், மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் உறுப்பினர்கள், புதுதில்லி.

நகல்: தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

சேலத்தில் 31 வருடமாக மெடிக்கல் கடையில் நிற்கிறேன். பதிவு பெற்ற மருந்தாளுநர். சீட்டைப் படிப்பது, மருந்தை எடுப்பது, எத்தனை வேளை என்று அட்டையில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பது, இதுதான் என் வேலை. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சின்னக் குழந்தைகளால் திறக்க முடியாத மருந்துப் பாட்டில் மூடி, இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தங்கை ஏற்காட்டில் இருக்கிறாள். நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் லைன் வீடு. மகனும் மருமகளும் தோட்டத்து வேலைக்குப் போவார்கள், இரண்டரை வயதுப் பேரனை இவள் பார்த்துக்கொள்வாள். போன வருடம் ஐப்பசி மழையில் பையனுக்குக் காய்ச்சல். டாக்டர் சீட்டு எழுதினார். தங்கை மகன் சந்தைக்கு வந்தபோது அந்தச் சீட்டோடு என் கடைக்கு வந்தான். பாராசிட்டமால் சிரப், 60 மில்லி பாட்டில், 5 மில்லியில் 250 மில்லிகிராம். எடுத்துக் கொடுத்தவன் நான்தான். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதையும் அளவு மூடியில் கோடு காட்டிச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பையன் மருந்து பாட்டிலைத் திறந்து குடிச்சிட்டான். ஒண்ணும் ஆகாதில்ல? நல்லா வெளையாடிட்டுதான் இருக்கான்." பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். அடியில் கொஞ்சம் இருக்கிறது என்றாள். சட்டையில் சிந்தியிருக்கிறதா என்றேன். கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்றாள். சிந்தியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அப்படியான நேரத்தில் எல்லாமே உள்ளே போனதாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததும் அடியில் மிச்சமும் போக 45 மில்லி என்றால் 2,250 மில்லிகிராம். பையன் 11 கிலோ. கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. 150-ஐத் தாண்டினாலே கல்லீரலுக்கு ஆபத்து என்று நாங்கள் படித்திருக்கிறோம்.

இந்த மருந்தின் கொடுமை என்னவென்றால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. குழந்தை ஓடும், சிரிக்கும், சோறு தின்னும். கல்லீரல் கெட்டது வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் நஞ்சை முறிக்கும் மாற்று மருந்தின் நல்ல நேரம் கடந்துவிடும். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். தங்கை என்னிடம் கேட்காமல் "நல்லாத்தானே இருக்கான்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைத்துப் பார்க்கிறேன்.

உடனே கீழே கொண்டு வாருங்கள் என்றேன். ஏற்காட்டு மருத்துவமனையில் பார்த்துவிட்டு அவர்களும் சேலத்துக்கு அனுப்பினார்கள். 20 கொண்டை ஊசி வளைவு, மழை, பனிமூட்டம், வழியில் காட்டெருமை நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். நான் அடிவாரத்தில் போய்க் காத்திருந்தேன். வண்டி வந்து சேர்ந்தபோது பையன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மருந்தினாலா, ராத்திரி ஆகிவிட்டதாலா என்று தெரியாமல் அந்தப் பெண் அவனை எழுப்பிக்கொண்டே வந்திருக்கிறாள். நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மாற்று மருந்து ஏற்றினார்கள், ரத்தம் பார்த்தார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் நன்றாக இருக்கிறான்.

அந்த நாலு நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே பேச்சுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள், ஏன், பையனின் அப்பாகூட, எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்து, "பெத்தவ பார்த்துக்க வேண்டாமா? மருந்தை இப்படியா வைக்கிறது?" என்றார்கள். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பாட்டில் எங்கே இருந்தது தெரியுமா? சுவரில் ஆணி அடித்து மஞ்சப்பையில் தொங்கியது. பையன் அரிசி டப்பாவின் மேல் ஏறியிருக்கிறான்.

பாட்டிலின் லேபிளில் ஒரு வரி இருக்கிறது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். அதுவும் ஆங்கிலத்தில், கடுகு அளவு எழுத்தில். ஐயா, லைன் வீட்டில் எட்டாத இடம் எது? அம்மாப்பேட்டையில் ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் வந்தால் காட்டுகிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்யும் குடும்பங்களில் வேலை சாமான் வைக்கவே பலகை போதாது. அந்த வரி பெரிய வீட்டில் பூட்டுப் போட்ட அலமாரி வைத்திருப்பவர்களுக்கு எழுதியது. மற்றவர்கள் வீட்டில் அது தாயின் தலையில் பழியைச் சுமத்தும் வரியாக மட்டும் இருக்கிறது.

இனி மூடிக்கு வருகிறேன். இந்த மடல் எழுதுவதே அதற்காகத்தான்.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய்வந்தார். அங்கே வாங்கிய பிரஷர் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து, "இதே மாத்திரை இங்கே கிடைக்குமா?" என்று கேட்டார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. வாங்கித் திருகினேன். மூடி டக் டக் என்று சுற்றிக்கொண்டே இருந்ததே தவிரக் கழலவில்லை. பெரியவர் சிரித்துவிட்டு, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகிக் காட்டினார், திறந்துகொண்டது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடி. வெளிமூடி சும்மா சுற்றும், கீழே அழுத்தினால்தான் அதன் பற்கள் உள்மூடியைப் பிடிக்கும். அழுத்துவது, திருகுவது என்ற இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யச் சின்னக் குழந்தைக்குத் தெரியாது. அவ்வளவுதான் சூட்சுமம். லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நம் நாட்டு ஆலையில், நம் நாட்டுத் தொழிலாளி கையால், அமெரிக்கக் குழந்தைக்காக அந்த மூடி மாட்டப்படுகிறது. என் தங்கை பேரனுக்கு வந்த பாட்டிலில் மெல்லிய அலுமினிய மூடி, வளையத்தை ஒரு தடவை உடைத்துவிட்டால் அப்புறம் ஒரு விரலால் திருகினாலே கழன்றுவிடும். நாலு தடவை திறந்து மூடினால் மரையும் தேய்ந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கனடாவில் வின்ட்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மருந்தைத் தின்று வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, 1967-ல் இப்படி அழுத்தித் திருகும் மூடியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஊரில் குழந்தைகள் மருந்து தின்று நஞ்சாவது 91 சதவீதம் குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. அமெரிக்கா 1970-ல் சட்டமே போட்டது. 1972-ல் ஆஸ்பிரினுக்கு, 1974-ல் டாக்டர் சீட்டுக்கு விற்கும் வாய்வழி மருந்துகளுக்கு என்று அந்த மூடி கட்டாயமாகிக்கொண்டே வந்தது. சீட்டு மருந்துகளுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், 1974 முதல் 1992 வரை சுமார் 460 குழந்தைகளின் உயிரை அது காப்பாற்றியிருக்கிறது என்று 1996-ல் அவர்களின் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. என் கடைக்குத் தினம் வரும் கைக்குழந்தைகளை வைத்து அந்த 460-ஐ நினைத்துப் பார்த்தேன்.

அவர்கள் மூடியைச் சோதிக்கும் விதத்தைப் படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. 42 மாதம் முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, பாட்டிலைக் கையில் கொடுத்து, திற என்கிறார்கள். 5 நிமிடம். திறக்கவில்லை என்றால் பெரியவர் ஒருவர், எப்படி என்று விளக்காமல், திறந்து மட்டும் காட்டுவார். அப்புறம் இன்னும் 5 நிமிடம், பல்லால் கடித்தும் பார்க்கலாம் என்று சொல்லியே கொடுக்கிறார்கள். காட்டிக்கொடுப்பதற்கு முன் 85 சதவீதம் குழந்தைகளும், காட்டிய பிறகு 80 சதவீதம் குழந்தைகளும் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். எந்த மூடியும் நூற்றுக்கு நூறு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போன பாட்டி திரும்பி வர அந்தப் பத்து நிமிடம் போதும்.

மாத்திரை அட்டைக்கும் இப்படிச் சோதனை உண்டு. குழந்தை 8 மாத்திரைக்கு மேல் பிரித்து எடுத்துவிட்டாலோ, அதற்குக் குறைவாகவே நஞ்சாகும் மருந்தென்றால் அந்த அளவை எடுத்துவிட்டாலோ, அட்டை தோற்றது. அட்டையில் இருக்கிறது, பயமில்லை என்று 31 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சக்கரை நோய்க்கான மாத்திரையில் சில ரகம் ஒன்றே போதும், கைக்குழந்தையின் ரத்தச் சக்கரையைப் படுபாதாளத்துக்கு இறக்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. ஒரு கர்ப்பிணிக்கு 180 மாத்திரை. சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு, பார்த்தால் மிட்டாய் மாதிரியே இருக்கும். 10 கிலோ குழந்தை பத்து மாத்திரை தின்றால் உயிருக்கே ஆபத்தாகும் அளவு வந்துவிடுகிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில் மூத்த பிள்ளை ஒன்று இருக்கும். அந்த மாத்திரை தாய்க்கு அவசியம் வேண்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. அது வரும் உறையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

நான் மேலும் படித்தது அவர்கள் மருந்தைத் திரும்பப் பெறும் அறிவிப்புகளை. நம் ஊரில் ஒரு மருந்தைத் திரும்பப் பெற்றால் உள்ளே இருக்கும் சரக்கில் குற்றம் என்று அர்த்தம். அங்கே சரக்கு நன்றாக இருக்கும், மூடி மட்டும் தப்பாக இருக்கும், அதற்காகவே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பாட்டில்களைத் திரும்பப் பெறுகிறார்கள். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்ற அரசு அமைப்பு அந்த அறிவிப்பை வெளியிடுகிறது. எந்த மருந்து, எத்தனை பாட்டில், எந்தத் தேதியிலிருந்து விற்றது, எல்லாம் இருக்கும். உடனே குழந்தை கையில் சிக்காமல் எடுத்து வையுங்கள், நிறுவனத்தைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கும். பாதிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் "ஏதும் தெரியவரவில்லை" என்று இருக்கும்.

அந்த வரியை நான் பல தடவை படித்தேன். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகக்கூடும் என்பதற்காகவே திரும்பப் பெறுகிறார்கள். "பெத்தவ பார்த்துக்க வேண்டாமா" என்று எங்கும் இல்லை. தப்பு மூடியின் மேல், மூடியைப் போட்டவர்கள் மேல். இந்த விதியை மீறியதாக எழுந்த வழக்கில் 2018-ல் நம் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆக, நம் கம்பெனிகளுக்கு விதி தெரியும், மூடியும் தெரியும், மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

இங்கே அப்படித் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெற வேண்டுமென்றால் மீறுவதற்கு முதலில் ஒரு விதி இருக்க வேண்டும். மாதாமாதம் நீங்கள் தரமற்ற மருந்துகளின் பட்டியல் வெளியிடுகிறீர்கள், நான் தவறாமல் பார்க்கிறேன், எங்கள் கடையில் இருந்தால் எடுத்து ஒதுக்கி வைக்கிறேன். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளின் உயிரைக் குடித்தபோது தமிழ்நாட்டில் அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் நல்ல மருந்தே, அளவு மீறி, மூடி திறந்து, குழந்தையின் வயிற்றுக்குள் போனால் அது எந்தப் பட்டியலிலும் வராது. என் தங்கை பேரன் குடித்த பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினால் தரமானது என்றுதான் அறிக்கை வந்திருக்கும்.

அதிகாரம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 33-ஆம் பிரிவில், மருந்தை அடைக்கும் பாட்டில், பொட்டலம் முதலியவற்றுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. வாரியத்தோடு கலந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். உறைக்கு விதி போட்டால் தொழில் தாங்காது என்பதும் சரியில்லை. 2023 ஆகஸ்டு 1 முதல் 300 முன்னணி மருந்துகளின் லேபிளில் கியூஆர் குறியீடு கட்டாயம் என்றீர்கள், வந்துவிட்டதே. போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது நல்லதுதான், நானும் வரவேற்றேன். அதே 300-ல் வாய்வழி சிரப் எத்தனை, டப்பாவில் வரும் மாத்திரை எத்தனை என்று எடுத்து, அங்கிருந்தே மூடியைத் தொடங்கலாம்.

மூடிச் சோதனைக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். திறந்து மறுபடி மூடும் பாட்டில்களுக்கு ஐஎஸ்ஓ 8317 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு அது அத்துப்படி.

வயதானவர்களால் திறக்க முடியாதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானே முதலில் அதைத்தான் கேட்டேன். முடக்குவாதம் வந்து விரல் மடங்காத பாட்டிகள் என் கடைக்கு வருகிறார்கள். சிலர் அட்டையிலிருந்து எல்லா மாத்திரையையும் என்னையே பிரித்து ஒரு டப்பாவில் போட்டுத் தரச் சொல்வார்கள். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்காமல் செய்வதில்லை. அமெரிக்காவில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு மூடி பாஸாக வேண்டுமென்றால் குழந்தைகள் திறக்காமல் இருந்தால் மட்டும் போதாது. 50 முதல் 70 வயது வரை உள்ள பெரியவர்கள் 100 பேரில் 90 பேர் அதைத் திறந்து மறுபடி மூட வேண்டும். அதுவும் முடியாதவர், எனக்குச் சாதாரண மூடி போதும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆக, பாட்டிக்கு ஒரு மூடி, பேரன் இருக்கும் வீட்டுக்கு ஒரு மூடி என்று இரண்டும் கடையில் இருக்கும், கேட்டுக் கொடுப்பது என் போன்றவர்களின் வேலை. அந்த வேலையைச் செய்ய நாங்கள் தயார்.

விலை கூடும் என்பார்கள். கூடட்டும். பாட்டிலுக்கு எத்தனை காசு கூடும் என்பதைக் கம்பெனிகள் உங்கள் முன்னால் கணக்கு வைத்துச் சொல்லட்டும். அந்த நாலு நாளில் தோட்டத்துக் கூலிக்காரர்கள் இரண்டு பேர் இழந்த சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும், நகல் அனுப்பியிருக்கும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் ஒரு வார்த்தை. நாடே பார்த்துப் பின்பற்றிய கொள்முதல் முறை உங்களுடையது. அட்டையில் அரசு முத்திரை இருக்க வேண்டும், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்று டெண்டரிலேயே நிபந்தனை போடுகிறீர்கள். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பும் இரும்புச்சத்து சிரப்பும் இந்த மூடியோடுதான் வர வேண்டும் என்று அடுத்த டெண்டரில் ஒரு வரி சேர்க்க தில்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தில்லியிடம் நான் கேட்பது இதுதான். வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். முதலில் வாய்வழி சிரப்புகளுக்கும் டப்பாவில் வரும் மாத்திரைகளுக்கும், அப்புறம் இரும்பு, சக்கரை, பிரஷர் மாத்திரை அட்டைகளுக்கும் விதி செய்யுங்கள். எந்தத் தேதிக்கு மேல் பழைய மூடி கூடாது என்று போடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய மூடியோடு வரும் சரக்கைத் தரமற்ற மருந்தைத் திரும்பப் பெறுவது போலவே திரும்பப் பெறுங்கள். மருந்து தின்று மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் கணக்கை, எந்த மருந்து, எந்த மூடி என்பதோடு எடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் மாத்திரை தீர்ந்ததும் காலி டப்பாவை எனக்கே கொடுத்துவிட்டார். என் கடை மேசையில்தான் இருக்கிறது. கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் என் தங்கை மருமகள் பையனோடு வந்திருந்தாள். அவனிடம் கொடுத்தேன். திருகினான், கடித்தான், தரையில் தட்டினான், அலுத்துப்போய் என்னிடமே நீட்டிவிட்டான். அவள் வாங்கி, நான் சொன்னபடி அழுத்தித் திருகித் திறந்தாள். மூடியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். "இது நம்மூர்ல எங்கே விக்குது?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்ல உங்களிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
சேலம்.